ஷெரினுக்கு நான் வைத்த ஐஸ்

போன மாதம் புதிய தாதியருக்கும் பயிற்சி வைத்தியர்களுக்கும் அறிமுக வகுப்பு என்று என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். அரை மணித்தியாலம் பேசச் சொன்னீர்கள். நான் ஒன்றரை மணித்தியாலம் பேசினேன். கடைசி வரிசையில் மூன்று பேர் கைபேசியை மேசைக்குக் கீழே வைத்து விரலால் தள்ளிக்கொண்டிருந்ததை நான் காணவில்லை என்று நினைக்க வேண்டாம். குழந்தைகளின் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் நின்ற கண் இது. போர்வைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அதற்குத் தொழில்.

அந்தக் கண் ஒரு தரம் நன்றாகப் பிழைவிட்டது. வகுப்பில் அதைச் சொல்ல நேரம் போதவில்லை என்றேன். உண்மை அதுவல்ல. முன் வரிசையில் என்னை "சிஸ்டர், சிஸ்டர்" என்று பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்த உங்கள் முகங்களைக் கண்டதும் வாய் வரவில்லை. எழுத்தில் சொன்னால் உங்கள் முகம் தெரியாது. ஆகவே எழுதுகிறேன்.

தலைப்பைப் பார்த்துவிட்டு, நீங்கள் விடுதிச் சுற்றின்போது பெரிய வைத்தியர்களுக்கு வைக்கிற ஐஸ் என்று நினைத்துச் சிரிக்க வேண்டாம். நான் வைத்தது நிஜ ஐஸ்.

அப்போது எனக்கு இருபத்தாறு வருட சேவை. பிரிவுக்குப் பொறுப்பான தாதி. எனக்குப் பின்னால் என்னை 'அலாரம்' என்று கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இணுவிலில் இருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கும்போதே இன்று யாரைத் திருத்தலாம் என்று யோசித்துக்கொண்டு வருகிற ஆள் நான். அந்தக் குணம் உங்களில் இரண்டு பேருக்கு இப்போதே முளைத்திருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன்.

ஷெரின் எட்டு வயதுப் பிள்ளை. ஊர் குருநகர். நான்கு நாள் காய்ச்சல், பிறகு வாந்தி, பிறகு எழும்பி நிற்க முடியாத களைப்பு. தகப்பன் தூக்கிக்கொண்டு வந்தார். காய்ச்சலைக் கொண்டுவந்த கிருமி இருதயத் தசையைப் பிடித்துவிட்டிருந்தது. வந்த அன்றே மூச்சுக் குழாய் போட்டு, மயக்க மருந்து கொடுத்து, செயற்கைச் சுவாச இயந்திரத்தில் விட்டோம். இருதயத்துக்குத் தெம்பு கொடுக்கும் மருந்து ஊசிப் பம்பில் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பிள்ளையின் நிலைமையை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். நுரையீரல் ஒட்சிசனை இரத்தத்தில் ஏற்றும். இரத்தம் சுமக்கும். இருதயம் தள்ளிவிடும். ஷெரினுக்கு முதல் இரண்டிலும் குறையில்லை. மூன்றாவதுதான் தள்ளாடியது. இயந்திரத்தால் நுரையீரலை நிரப்பலாம். இருதயத்துக்குப் பதிலாக ஓடித்திரிய எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. போய்ச் சேருகிற ஒட்சிசன் கொஞ்சம். ஆகவே உடம்பும் கொஞ்சமாகவே செலவழிக்க வேண்டும், இருதயம் தேறி வரும்வரை. அவ்வளவுதான் சிகிச்சை. எங்கள் விசேட வைத்திய நிபுணர் முதல் நாளே இதைச் சொன்னார். நானும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் உங்களை விட எனக்கு அனுபவம் கூட.

தாய் அப்போதுதான் அடுத்த குழந்தையைப் பெற்றுவிட்டு வீட்டில் இருந்தார். ஆகவே பிள்ளையைப் பார்க்க வந்தவர் தகப்பன் மட்டும். பெயர் அன்ரன். முப்பத்தைந்து வயதிருக்கும். சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்கிக் கடலட்டை பிடிக்கிற தொழில். அதிகம் கதைக்காத மனிதர். கை கழுவச் சொன்னால் முழங்கை வரை கழுவுவார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் வந்து அசையாமல் நிற்பார். வழக்கமாகப் பெற்றோர் வந்ததும் திரையைத்தான் பார்ப்பார்கள். இலக்கம் கூடினால் சிரிப்பார்கள், குறைந்தால் எங்களைப் பார்ப்பார்கள். இவர் திரையைப் பார்க்கவே மாட்டார். பிள்ளையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"என்ன தம்பி, லைற் போஸ்ட் மாதிரி நிக்கிறியள்? கதிரையிலை இருங்கோவன்," என்று ஒரு நாள் பகிடி விட்டேன்.

"பரவாயில்லை மிஸி. நிண்டாத்தான் முழுசாத் தெரியும்," என்றார். பிள்ளைகளின் வீட்டாருக்கு நான் சிஸ்டர் இல்லை, மிஸி.

மூன்றாம் நாள் முற்பகல். நிபுணருக்குச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் வேறொரு பிள்ளையோடு நிற்க வேண்டிய வேலை. போகும்போது ஷெரினின் கட்டிலடியில் நின்று சொன்னார்:

"சிஸ்டர், இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலை ஏற விடாதேங்கோ. காய்ச்சல் ஏற ஏற உடம்பு ஒட்சிசனைக் கூடச் செலவழிக்கும். அந்த இருதயம் தாங்காது."

அவர் போய் அரை மணித்தியாலம் ஆகவில்லை. வெப்பம் ஏறத் தொடங்கியது. முப்பத்தெட்டரை, முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது தசம் ஆறு. காய்ச்சல் மருந்து கொடுத்தோம். அது அசைவதாய் இல்லை.

எனக்கு இப்படியான நேரங்களில்தான் உற்சாகம் வரும். குளிர்சாதனத்தைக் கூட்டச் சொன்னேன். மின்விசிறியைக் கட்டில் பக்கம் திருப்பச் சொன்னேன். ஈரத் துணி போட்டேன். குளிர்ப்பைகள் போதாமல்போக, கையுறைகளுக்குள் ஐஸை நிரப்பி முடிச்சுப் போட்டு, கமக்கட்டுக்குள் இரண்டு, தொடையிடுக்கில் இரண்டு, கழுத்தோரம் ஒன்று என்று என் கையாலேயே வைத்தேன். மேலே மெல்லிய துணியால் மூடினேன், வடிவாக இருக்க வேண்டுமே. பக்கத்தில் நின்ற இளம் தாதியரைப் பார்த்து, "பாத்துக்கொள்ளுங்கோ, இப்பிடித்தான் காய்ச்சலை இறக்கிறது," என்று ஒரு சொற்பொழிவும் நடத்தினேன்.

இறங்கியது. முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு தசம் ஏழு, முப்பத்தெட்டு தசம் இரண்டு. விளக்கப்படத்தில் நான் போட்ட புள்ளிகள் சறுக்குமரம் மாதிரிக் கீழே போயின. அந்தப் புள்ளிகளை இணைத்துக் கோடு கீறியபோது எனக்குள் இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு மணிக்குப் பார்வையாளர் நேரம். அன்ரன் வந்தார். கை கழுவினார், மேலங்கி போட்டார், கால்மாட்டில் நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். அவராக வாய் திறந்தார்.

"மிஸி, பிள்ளைக்குக் குளிருது."

"காய்ச்சலை இறக்கிறம் தம்பி. அப்பிடித்தான் இருக்கும்."

"இல்லை மிஸி. நடுங்குறா."

நான் பார்த்தேன். முகத்தைச் சுற்றி மூச்சுக் குழாயைப் பிடிக்கும் பிளாஸ்திரி. கைகால்கள் துணிக்குள். பிள்ளை மயக்க மருந்தில் அமைதியாகக் கிடந்தாள். திரையைப் பார்த்தேன். இரத்தத்தில் ஒட்சிசன் தொண்ணூற்றெட்டு வீதம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்த இலக்கத்தைச் சுட்டிக் காட்டினேன்.

"உதைப் பாருங்கோ. தொண்ணூற்றெட்டு. உங்களுக்கும் எனக்கும் கூட அவ்வளவுதான் இருக்கும். பயப்பிடாதேங்கோ."

நான் சுட்டிய இடத்தை அவர் பார்க்கவில்லை.

"மிஸி, குறை நினைக்காதேங்கோ. நாங்கள் கீழை இறங்கிறனாங்கள். ஒரு சிலிண்டரோடை எனக்கு ஒரு மணித்தியாலம் கிடக்கலாம். புதுசா வாறவன் அதே சிலிண்டரை அரை மணித்தியாலத்திலை முடிச்சுப்போட்டு மேலை வந்திடுவான். காத்து ரெண்டு பேருக்கும் ஒரேயளவுதான். குளிரும் பயமும்தான் அதைக் குடிக்கிறது. நடுக்கம் துவங்கினா நாங்கள் உடனை ஏறிடுவம்."

இப்போது இதை எழுதும்போது, உடலியல் விரிவுரையாளர் ஒருவர் ஒரு வாரம் எடுத்துச் சொல்வதை அந்த மனிதர் ஆறு வசனத்தில் சொல்லி முடித்துவிட்டார் என்று விளங்குகிறது. அன்று எனக்கு விளங்கியது ஒன்றுதான்: இளம் தாதியர் நான்கு பேருக்கு முன்னால், என் ஐஸைப் பார்த்து ஒருவர் பிழை சொல்கிறார்.

"தம்பி, இஞ்சை கடல் இல்லை," என்றேன். "நாங்கள் எங்கடை வேலையைப் பாக்கிறம். நீங்கள் கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அன்ரன் இன்னொரு முறை பிள்ளையைப் பார்த்தார். மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இருதயத் துடிப்பு நூற்றைம்பதிலிருந்து நூற்றெழுபதுக்குப் போனது. சுவாச இயந்திரம் அலாரம் அடிக்கத் தொடங்கியது. அது கொடுக்கிற மூச்சுக்கு எதிராகப் பிள்ளை தன் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். கடமையில் இருந்த இளம் வைத்தியர் ஓடி வந்தார். கெட்டிக்காரப் பையன்; உங்களைப் போலவே இலக்கம் கண்டால் கை துருதுருக்கும். இயந்திரத்தில் ஒட்சிசனை நூறு வீதத்துக்குக் கூட்டினார். இருதய மருந்தைக் கொஞ்சம் கூட்டினார். திரையில் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பதாயிற்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திருப்திப்பட்டோம். துடிப்பு நூற்றெழுபத்தெட்டு.

"ஒருக்கா இரத்தம் எடுத்துப் பாப்பம் சிஸ்டர்," என்றார்.

கழுத்து நாளத்தில் இருந்த குழாயிலிருந்து நான்தான் இரத்தம் இழுத்தேன். அந்தக் குழாயில் வருவது உடம்பெல்லாம் சுற்றி, ஒட்சிசனைக் கொடுத்துவிட்டு, இருதயத்துக்குத் திரும்பி வருகிற இரத்தம். போகிற இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் திரை காட்டும். திரும்பி வருவதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை இப்படி இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். காலையில் எடுத்தபோது அது சிவப்புத்தான். இப்போது ஊசிக்குள் ஏறியது நாவற்பழச் சாறு மாதிரிக் கறுத்திருந்தது.

முடிவு வந்தது. காலையில் அறுபத்திரண்டு வீதம் மிச்சத்தோடு வந்த இரத்தம் இப்போது நாற்பத்தொன்றோடு வந்திருந்தது. தசைகளுக்கு ஒட்சிசன் போதாதபோது இரத்தத்தில் சேருகிற அமிலம் காலையில் இருந்ததை விட இரண்டு மடங்கு.

இளம் வைத்தியர் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "நூறு வீதம் குடுக்கிறம். தொண்ணூற்றொன்பது நிக்குது. பிறகு என்னெண்டு சிஸ்டர் போதாமப் போகும்?"

நல்ல கேள்வி. அதற்கு மறுமொழி ஏற்கனவே என்னிடம் சொல்லப்பட்டிருந்தது. சொன்ன மனிதரை நான் வெளியே அனுப்பியிருந்தேன்.

துணியை விலக்கினேன். பிள்ளையின் தாடையடியில், காதுக்குக் கீழே, உள்ளங்கையை வைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கைக்குத் தெரிந்தது. எஞ்சின் நிறுத்தாமல் நிற்கிற பஸ்ஸின் கம்பியைப் பிடித்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நுண்ணிய அதிர்வு. தோளில் வைத்தேன், அங்கேயும். தொடையில், அங்கேயும். மயக்க மருந்து பெரிய நடுக்கத்தை மறைத்துவிட்டது. உள்ளே ஒவ்வொரு தசையும் வேலை செய்துகொண்டிருந்தது. நொந்துபோன இருதயத்தோடு அந்தப் பிள்ளை படுத்த இடத்திலேயே ஓட்டப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தாள். ஓடவிட்டது நான். இளம் வைத்தியர் ஒரு பக்கத்தால் நிரப்பிக்கொண்டிருந்தார். என் ஐஸ் மறு பக்கத்தால் காலியாக்கிக்கொண்டிருந்தது.

என் கைகால் குளிர்ந்தது அப்போதுதான். அதற்கு ஐஸ் தேவைப்படவில்லை.

நிபுணரைத் தொலைபேசியில் பிடித்தோம். அவர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கையுறையோடு நிற்க, அங்கிருந்த தாதி தொலைபேசியை அவர் காதில் பிடித்துக்கொண்டிருந்தார். நான் நிலைமையைச் சொன்னேன். நம் மொழியில் எழுவாய் இல்லாமலே வசனம் பேசலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றைக்கு அறிந்தேன். "ஐஸ் வைச்சிருக்கு டொக்டர். நடுக்கம் இருக்கு. நாற்பத்தொண்டுக்கு இறங்கிட்டுது." யார் வைத்தது, யார் கண்டது, ஒன்றும் அதில் இல்லை.

அவர் யோசிக்க எடுத்தது ஒரு மூச்சு நேரம். "ஐஸை எடுங்கோ. போர்வை போடுங்கோ. மயக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி, பிறகு தசையைத் தளர்த்திற மருந்தைக் குடுங்கோ. பிறஷர் விழும். விழுந்தாப் பதறாதேங்கோ, ஆனாப் பிள்ளையை விட்டு அசையவும் வேண்டாம். இருபது நிமிசத்திலை வாறன்."

ஐஸை எடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து வாளிக்குள் போடும்போது எழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும்.

மயக்க மருந்தைக் கூட்டியதும் அவர் சொன்னபடியே இரத்த அழுத்தம் விழுந்தது. எண்பத்தைந்து, எழுபத்தாறு, அறுபத்தெட்டு. இளம் வைத்தியரின் விரல் ஊசியின் பின்பக்கத்தில் நின்றது. அதைத் தள்ளுவதா நிறுத்துவதா என்று அவர் என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், நிப்பாட்டுவமோ?"

நிறுத்தினால் நடுக்கம் திரும்பும். தொடர்ந்தால் அழுத்தம் இன்னும் விழலாம். புத்தகத்தில் இரண்டுக்கும் பக்கம் இருக்கிறது. ஒரு மணித்தியாலத்துக்கு முன் எல்லாம் தெரிந்த ஆள் நான்; இப்போது ஒன்றும் தெரியாத ஆளாக, வலக் கையைப் பிள்ளையின் தாடையிலும் இடக் கையைத் தொடையடி நாடியிலும் வைத்துக்கொண்டு நின்றேன். நாடி மெலிந்திருந்தது, ஆனால் இருந்தது. தாடையின் அதிர்வு குறைந்துகொண்டு வந்தது.

"நாடி கையிலை இருக்கு டொக்டர். இதோடை நிண்டு, இருதய மருந்தை ஒரு சொட்டுக் கூட்டிப்போட்டுப் பாப்பம். பிறகு மற்ற மருந்து."

நின்றோம். அறுபத்தாறு. அறுபத்தாறு. அறுபத்தெட்டு. எழுபத்திரண்டு. பிறகு தசை தளர்த்தும் மருந்து போனது. என் வலக் கைக்குக் கீழே அந்த எஞ்சின் நின்றது. துடிப்பு நூற்றைம்பது, நூற்று நாற்பத்திரண்டு என்று இறங்கியது. முக்கால் மணித்தியாலம் கழித்து இழுத்த இரத்தம் சிவந்திருந்தது. ஐம்பத்தெட்டு வீதம். காய்ச்சல் கொஞ்சம் ஏறியிருந்தது. இனி மெதுவாகக் குளிராக்கலாம், நடுங்குவதற்குத் தசை இடம்கொடாது. குளிராக்கியது பிழையல்ல, பிள்ளைகளே. நடுங்கவிட்டுக் குளிராக்கியதுதான் பிழை.

நிபுணர் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். இலக்கங்களைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"மயக்கத்திலை கிடக்கிற பிள்ளையின்ரை நடுக்கத்தைக் காணுறது லேசில்லை. ஆர் கண்டது?"

"சிஸ்டர்தான்," என்றார் இளம் வைத்தியர், முழு மனதோடு.

நான் வாயைத் திறக்கவில்லை.

"அதுதான் அனுபவம் எண்டிறது," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார் நிபுணர்.

இதைத்தான் வகுப்பில் சொல்ல வாய் வரவில்லை. ஐஸ் வைத்தது அறியாமை, அதை மன்னிக்கலாம். ஆனால் அந்தப் பாராட்டை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன் என்று சொல்லலாம். கணவரிடம்கூட, "இண்டைக்கு ஒரு பிள்ளை என்னாலை தப்பிச்சுது," என்று சொல்லிவிட்டேன். அவர் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர். "என்னெண்டு?" என்று ஒரு சொல் கேட்டார். படிமுறையைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது படியில் ஐஸ் வந்தது. தேத்தண்ணி ஆறப்போகிறது என்று கதையை மாற்றினேன்.

அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில் அன்ரன் வந்தார். மேலங்கி போட்டுக்கொண்டு, கை கழுவிக்கொண்டு, கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"ஏன் தம்பி நிக்கிறியள்?"

"உள்ளுக்கை வரலாமோ மிஸி?"

மூன்று நாளாக வந்துபோன மனிதர். அவரைத் தன் பிள்ளையின் கட்டிலடிக்கு வர அனுமதி கேட்க வைத்திருந்தேன். அந்தக் கேள்வியில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன், திருப்பிக் கோபித்திருப்பேன். அதில் கோபம் துளியும் இல்லை.

"வாங்கோ," என்றேன். பிறகு, "நேற்று நீங்கள் சொன்னதுதான் சரி. நான்தான் கேக்கேல்லை. என்னிலை பிழை," என்றேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு தகப்பனுக்கு நான் சொன்ன முதலாவது அப்படியான வசனம் அது. எழுவாய் எல்லாம் இருந்தது.

அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் போகேல்லை மிஸி. இந்தக் கண்ணாடியாலை பாத்துக்கொண்டுதான் நிண்டனான். நீங்கள் ஐஸை எடுத்தியள். அப்பதான் நானும் மூச்சு விட்டனான்."

நான் போர்வையின் ஓரத்தை இழுத்து விட்டேன். அவருடைய வாயோரம் கொஞ்சம் அசைந்தது.

"கோவமில்லை மிஸி. கடலிலையும் அப்பிடித்தான். புதுசா வாறவை சொல் கேக்கமாட்டினம்."

இருபத்தாறு வருட சேவைக்குப் பிறகு என்னைப் புதிதாக வந்தவள் என்று சொன்ன ஒரே ஆள் அன்ரன்தான். முந்தின நாள் களுக்கென்று சிரித்தவர்கள் பக்கத்தில்தான் நின்றார்கள். இந்த முறை எல்லோரும் தாராளமாகச் சிரித்தார்கள். நானும்தான்.

அன்று விடுதிச் சுற்று பிந்திவிட்டது. அன்ரன் நிற்கும்போதே நிபுணர் ஷெரினின் கட்டிலுக்கு வந்ததும், நான் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். "டொக்டர், நேற்று ஐஸ் வைச்சது நான். நடுக்கத்தைக் கண்டது நான் இல்லை. இவர். கண்டு சொன்னவரை வெளியிலை விட்டதும் நான்தான்."

நிபுணர் குறிப்பேட்டிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. "தெரியும் சிஸ்டர். நேற்று வெளியிலை வரேக்கை இவரோடை கதைச்சனான். நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். நாளைக்கும் சொல்லாட்டித்தான் கேக்கிறதெண்டு இருந்தனான்."

பிறகு அன்ரனிடம் திரும்பி, "எங்கை பாத்தனீங்கள், ஒருக்காக் காட்டுங்கோ," என்று கேட்டார். அன்ரன் கூச்சத்தோடு கிட்ட வந்து, பிளாஸ்திரிக்குக் கீழே, தாடை எலும்பு மடிகிற இடத்தை விரலால் சுட்டினார். நிபுணர் அந்த இடத்தில் கை வைத்தார். பிறகு இளம் வைத்தியர் வைத்தார். பிறகு தாதியர் நான்கு பேரும் ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். நான் கடைசி.

அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள். குளிராக்க வேண்டி வந்தபோதெல்லாம் என் கை முதலில் அங்கேதான் போனது. இலக்கம் நன்றாக இருந்து பிள்ளை நன்றாக இல்லாதபோது, இன்னும் எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்பதற்கு முன் எங்கே செலவாகிறது என்று தேடப் பழகினேன். சில வேளை நடுக்கம். சில வேளை வலி. சில வேளை நம்மில் ஒருவர் கட்டிலடியில் நின்று உரத்துக் கதைக்கிற கதை; மயக்கத்திலும் பிள்ளைக்குக் காது கேட்கும். நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு என்ன எடுப்பது என்று கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று விவாதிக்கிறீர்களே, அப்போது ஒருமுறை துடிப்பைப் பாருங்கள்.

ஒன்பதாம் நாள் ஷெரினின் மூச்சுக் குழாயை எடுத்தோம். இருதயம் மெதுவாகத் தேறியிருந்தது. குரல் கரகரத்தது. தகப்பன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"மிஸி."

"என்ன குஞ்சு?"

"நான் நித்திரையாக் கிடக்கேக்கை ஆரோ எனக்கு ஐஸ் வைச்சவை."

"ஆர் சொன்னது? அப்பாவோ?"

"இல்லை. எனக்குத் தெரியும். நல்லாக் குளிர்ந்தது. வேண்டாம் எண்டு கத்தினனான். ஒருத்தருக்கும் கேக்கேல்லை."

வாயில் குழாய் இருந்த பிள்ளை. சத்தம் வந்திருக்க வழியில்லை. ஆனால் கத்தியிருக்கிறாள்.

"ஆர் மிஸி வைச்சது?"

"நான்தான் வைச்சனான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன்?"

"உன்ரை காய்ச்சலைக் குறைக்க. ஆனா உனக்குக் குளிர்ந்தது எனக்குத் தெரியேல்லை."

போர்வையைக் கழுத்துவரை இழுத்தாள். பிறகு ஆசிரியர் மாணவிக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "இனி வைக்கேக்கை முதல் கேட்டுப்போட்டு வையுங்கோ."

எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. "கதைக்க ஏலாமக் கிடக்கிற பிள்ளையிட்டை என்னெண்டு குஞ்சு கேக்கிறது?"

இவ்வளவு பெரிய மிஸிக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள்.

"அப்பாட்டைக் கேக்கிறது," என்றாள்.